'திரும்பினேன்' என்ற ஒரு சொல்

"சத்தம் கேட்டுச்சு, திரும்பினேன்." விபத்தைப் பற்றி அப்பா எங்களிடம் சொன்னது இவ்வளவுதான். பின்னால் லோரி வரும் சத்தம் கேட்டு, தலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அடுத்த நொடி இடித்துவிட்டது. ஆனால் போலீஸ்காரரிடம் அவர் பேசியது தமிழ் இல்லை, தோட்டத்து மலாய். "டெங்கார் புன்யி, சாயா பூசிங்" என்றிருக்கிறார். பூசிங் என்றால் தலையைத் திருப்புவதும் ஆகும், வண்டியைத் திருப்புவதும் ஆகும். எழுதிய போலீஸ்காரர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு, வலப்பக்கம் திரும்பியதாக எழுதிவிட்டார். அப்பா கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரி ஐந்து வருஷம் எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தடித்தது.

எங்கள் ஊர் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கும் ஒரு தோட்டப் பட்டணம். சிறிய ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது செம்பனை. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை. 2016-இல் ஒரு நாள் இரவு வேலை முடிந்து காலை ஆறே காலுக்கு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நம் நாட்டில் அந்த நேரம் இன்னும் இருட்டுதான். செம்பனைக் குலை ஏற்றப் போன லோரி பின்னால் வந்து இடித்தது. வலது தொடை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கை. இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதனால் எல்லோரும் அவசரப்படுவார்கள். அப்பாவால் எழுந்திருக்கவே முடியாத நிலை. ஆஸ்பத்திரியில் வலி மாத்திரை மயக்கத்தில் கட்டிலில் படுத்தபடி சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மலாய் நன்றாகத் தெரிந்த நான் அதை ஒருமுறை வாங்கி வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. ஏதோ இன்ஷூரன்ஸ் வேலைக்கான தாள் என்றுதான் அப்போது நினைத்தேன். புகாரில் தவறு இருந்தால் பிறகு இன்னொரு புகார் கொடுத்துத் திருத்தலாம். நாங்கள் அதைச் செய்தது நான்கு மாதம் கழித்து, லோயர் சொன்ன பிறகு. நான்கு மாதம் தாமதித்த திருத்தத்தை எதிர்த்தரப்பு "யோசித்துச் சேர்த்த கதை" என்று சொன்னது. நானே எதிர்த்தரப்பில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது நாளே ஒருவர் பாரங்களோடு வந்தார். "கேஸ் நான் பார்த்துக்கிறேன், காசு ஒன்னும் வேணாம், இங்கே மட்டும் கையெழுத்து" என்றார். அம்மா பேனாவை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். வழக்கு பிடிக்க ஆள் அனுப்புவது லோயர்களுக்குத் தடை செய்யப்பட்ட காரியம். அப்படி வரும் ஆளிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, தங்கள் வழக்கு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் அலைந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் பழைய லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, இருக்கின்றன. நாங்கள் சிரம்பானில் ஒரு பெண் வழக்கறிஞரைத் தேடிப் போனோம். அப்பா அவரை "லோயரம்மா" என்று கூப்பிடுவார், நானும் அப்படியே சொல்கிறேன்.

சாலை விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை செஷன்ஸ் நீதிமன்றம் தொகை வரம்பு எதுவும் இல்லாமல் விசாரிக்கலாம். மற்ற பெரும்பாலான சிவில் வழக்குகளுக்கு அங்கே பத்து லட்சம் ரிங்கிட் வரம்பு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு ஒரு லட்சம். ஆக, நம் ஊர்களில் கை கால் போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முதலில் நிற்பது செஷன்ஸ் நீதிபதி முன்னால்தான். பெரும்பாலானவர்களுக்கு முதலும் கடைசியும் அதுதான்.

எங்கள் வழக்கு 2018-இல் விசாரணைக்கு வந்தது. அப்பாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். கீழ்நீதிமன்றங்களில் விசாரணை பெரும்பாலும் மலாயில்தான் நடக்கும். சாட்சிக்கு மலாய் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்டு வாங்கலாம். "எனக்கு மலாய் தெரியும்" என்று அப்பா வீம்பு பிடித்தார். ஐம்பது வருஷமாகக் கடையிலும் கிளினிக்கிலும் அந்த மலாய்தானே பேசுகிறார். சந்தையில் பேசும் மலாய் வேறு, குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்ளும் மலாய் வேறு. லோயரம்மா பிடிவாதமாக இருந்ததால் தப்பித்தோம்.

முழுதாகத் தப்பித்தோமா என்றால் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புகாரைக் காட்டி, "நீங்கள் திரும்பினீர்கள், சரிதானே?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். அப்பா, "ஆமா, திரும்பினேன்" என்றார். மலாயில் அது "யா, சாயா மெம்பெலோக்" என்று போனது. வண்டியை வளைத்தேன் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கேள்வியே வண்டியைப் பற்றியதுதான். நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு கலங்கியது. ஒரு துண்டுக் காகிதத்தில் "தலையா வண்டியா என்று கேளுங்கள்" என்று எழுதி லோயரம்மாவின் உதவியாளரிடம் நீட்டினேன். குறுக்கு விசாரணைக்குப் பிறகு நம் தரப்பு லோயர் மறுபடி கேள்வி கேட்கும் மறு விசாரணையில் லோயரம்மா அதைக் கேட்டார். "தலையத்தான் திருப்பினேன் ஐயா, வண்டிய இல்ல" என்று அப்பா சொன்னார். அது பதிவாகியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீதிமன்றக் குறிப்பில் ஏறுவது மொழிபெயர்ப்பு மட்டுமே. அப்பாவின் தமிழ் அதில் ஒரு சொல்கூட இல்லை. மேல்முறையீட்டுக்குப் போனால் அங்குள்ள நீதிபதி படிப்பது அந்த மலாயைத்தான். மொழிபெயர்ப்பில் பிசகு தெரிந்தால் அதே நிமிடம் உங்கள் லோயர் எழுந்து சொல்லி, அந்த ஆட்சேபணையும் குறிப்பில் ஏற வேண்டும். வீட்டுக்குப் போய்ப் புலம்பினால் அது எந்தத் தாளிலும் இருக்காது.

அப்பா சாட்சி சொன்னார். விசாரணை அதிகாரியான போலீஸ்காரரும் வந்து, சம்பவ இடத்தின் வரைபடத்தையும் படங்களையும் ஒப்படைத்தார். லோரி ஓட்டுநர் சாட்சி சொல்ல வேண்டிய தேதிக்கு முன்னால் நீதிபதி மாற்றலாகிப் போனார். சில வழக்குகளில் மாற்றலாகிப் போனவரே வந்து முடித்துக் கொடுப்பார். எங்கள் வழக்கைப் புதியவர் எடுத்துக்கொண்டார். அவர் லோரி ஓட்டுநரை மட்டும் நேரில் பார்த்தார். அப்பாவைத் தாளில் படித்தார்.

மாற்றல் என்றதும் ஊரில் பேச்சு கிளம்பியது. "யாரோ தூக்கிட்டாங்க" என்றார்கள். எந்த ஆதாரமும் இல்லாத பேச்சு. ஆனால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தபோது எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன. உயர்நீதிமன்ற நீதிபதியிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு அரசியலமைப்பின் 125-ஆவது பிரிவு வேலி போட்டிருக்கிறது. 66 வயது வரை பதவி, சம்பளத்தை அவர்களுக்குப் பாதகமாக மாற்ற முடியாது, நீக்க வேண்டுமானால் தனி நடுவர் குழு அமைக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கும் செஷன்ஸ் நீதிபதிக்கும் அந்த வேலி கிடையாது. எங்கள் வழக்கு நடந்த காலத்தில் அவர்கள் நீதி, சட்டச் சேவை என்ற ஒரே அரசுச் சேவையின் அதிகாரிகள். அரசாங்கத் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர்களும் அதே சேவைதான். இன்று நீதிபதி நாற்காலியில் இருப்பவர் நாளை சட்டத்துறை அலுவலகத்துக்கு மாறலாம், அங்கிருப்பவர் இங்கே வரலாம் என்ற நிலை. அவர்களில் நேர்மையானவர்கள் நிறையப் பேர் என்பதை நான் நம்புகிறேன், எங்கள் இரண்டு நீதிபதிகளையும் சேர்த்து. ஆனாலும் ஏழை ஜனங்கள் அதிகம் போய் நிற்கும் நாற்காலிக்குத்தான் காவல் குறைவாக இருக்கிறது என்பது எனக்குப் பெரிய மனக்குறை. அதை மாற்றினால் நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன்.

வேலி இருந்தவர்களுக்கே என்ன நடந்தது என்பதும் அப்பாவுக்கு நினைவிருக்கிறது. 1988-இல் நாட்டின் தலைமை நீதிபதியான துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐந்து பேர் இடைநீக்கம் செய்யப்பட்டு, அவர்களில் இரண்டு பேர் நீக்கப்பட்டார்கள். அப்போது நான் இடைநிலைப்பள்ளி மாணவி. அப்பா அந்திவேளையில் லயத்து வாசலில் தமிழ்ப் பத்திரிகையை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். "ஜட்ஜையே வேலைய விட்டு நிறுத்துறாங்களா?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தோட்டத்தில் மேனேஜர் ஆளை நிறுத்துவதைப் பார்த்தே பழகியவர்களுக்கு, நீதிபதியையும் நிறுத்த முடியும் என்பது பயங்கரமான செய்தி.

இவ்வளவையும் எழுதக் காரணம், தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு விஷயம். கோயில் கமிட்டி மாமா ஒருவர் வந்தார். எங்கள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். "ஒய்.பி.கிட்ட நான் சொல்றேன். ஒரு போன் அடிச்சா போதும்லா. புது ஜட்ஜுகிட்ட ஒரு வார்த்தை போட்டுருவாரு" என்றார். எங்கள் ஊரில் எதற்கும் ஒய்.பி. என்று நாங்கள் கூப்பிடும் மக்கள் பிரதிநிதிதான். பள்ளிக்கூடத்துக் கூரை, அடையாளக் கார்டு, சமூகநல உதவி, எல்லாவற்றுக்கும் அவர் அலுவலகத்து வாசலில்தான் வரிசை. வேறு வழி காட்டப்படாத ஜனங்கள் வேறெங்கே போவார்கள்? எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. பொய் சொல்லவில்லை.

அப்பா காபியைக் கீழே வைத்தார். "மச்சான், நம்ம ஒய்.பி. சொன்னா கேக்குற ஜட்ஜு, லோரி முதலாளி சொன்னா கேக்க மாட்டாரா? அவருக்குத் தெரிஞ்ச ஒய்.பி. நம்மளவிட அதிகம்" என்றார். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதும் சரிதான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வழக்கு நடக்கும்போது நீதிபதியை வெளியிலிருந்து அணுகுவது நீதிமன்ற அவமதிப்பாகவும் போய் முடியலாம் என்று லோயரம்மா பிறகு சொன்னார். சட்டம் தெரியாமலே அப்பா சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது.

2017-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் செமினி ஜெயா வழக்கில் தந்த தீர்ப்பைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். அது நில எடுப்பு வழக்கு. நஷ்டஈடு எவ்வளவு என்பதில், நீதிபதியோடு உட்காரும் மதிப்பீட்டாளர்கள் சொல்வதே முடிவு, நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் என்று நில எடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் தள்ளியது. நீதி வழங்கும் அதிகாரம் நீதிபதிக்கு உரியது, அதை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது என்பது சாரம். சட்டப்படி பக்கத்தில் உட்கார வைக்கப்பட்ட ஒருவரே நீதிபதிக்குப் பதிலாக முடிவு சொல்லக் கூடாது என்றால், போனில் வரும் ஒரு வார்த்தைக்கு என்ன இடம் இருக்க முடியும்?

தீர்ப்பு 2020 பிப்ரவரி கடைசியில் வந்தது. விபத்துக்கு 80 சதவீதப் பொறுப்பு அப்பாவுக்கு, 20 சதவீதம் லோரிக்கு. அதாவது நஷ்டஈடாக முடிவான தொகையில் ஐந்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும். காரணம் எளிது: புகாரில் திரும்பினேன் என்றிருக்கிறது, குறுக்கு விசாரணையிலும் ஆமாம் என்றார், தலையைத் திருப்பினேன் என்பது பின்னால் யோசித்த பதில். அம்மா கோர்ட் வாசலிலேயே அழுதார்.

மேல்முறையீடு செய்வதென்றால் 14 நாளுக்குள் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும். தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து கணக்கு. எழுத்து வடிவத் தீர்ப்பு கைக்கு வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைத்துக் கோட்டை விட்டவர்களைப் பற்றி லோயரம்மா சொன்னார். நீதிபதி விரிவான காரணங்களை எழுதித் தருவதே பல நேரம் மேல்முறையீடு தாக்கலான பிறகுதான். "முதல்ல கதவத் திறந்து வச்சுக்குவோம், உள்ளே போறதா வேணாமான்னு அப்புறம் பேசலாம்" என்றார். அன்று மாலையே கையெழுத்துப் போட்டோம். 14 நாள் முடிந்து சில நாளில், மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே மூடப்பட்டது. யோசிக்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தால் எந்த அலுவலகத்தில் போய் நின்றிருப்போம் என்று நினைத்தால் இன்றும் கலக்கமாக இருக்கிறது.

(சின்னத் தொகை வழக்குக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிவில் வழக்கில் தகராறுத் தொகை 10,000 ரிங்கிட்டோ அதற்குக் கீழோ என்றால், சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. நடந்தது இதுதான், நீதிபதி நம்பவில்லை என்பது அங்கே எடுபடாது. ஆகவே அப்படிப்பட்ட வழக்கில் முதல் விசாரணைக்கே முழுத் தயாரிப்போடு போங்கள்.)

அடுத்த ஒன்றரை வருஷத்தில்தான் மேல்முறையீடு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லலாம், அப்பா பெரிய நீதிபதி முன்னால் நின்று "தலையத்தான் திருப்பினேன்" என்று இன்னொரு தடவை சொல்லலாம், அவர் நம்புவார் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி எதுவும் கிடையாது. சட்ட விதியில் அதை மீள்விசாரணை என்றே குறிப்பிடுகிறார்கள், ஆனால் அது தாள்களை வைத்து நடக்கும் மீள்விசாரணை. சாட்சி கிடையாது. இரண்டு லோயர்கள், ஒரு நீதிபதி, மேல்முறையீட்டுப் பதிவேடு என்ற தடித்த கட்டு. அதில் இருப்பதுதான் உலகம்.

லோயரம்மா அலுவலகத்தில் ஒரு நாள் எனக்கு இதைப் பொறுமையாக விளக்கினார். சாட்சி உண்மை பேசினாரா இல்லையா என்பதில், அவரை நேரில் பார்த்த, குரலைக் கேட்ட கீழ்நீதிபதியின் முடிவை மேல்நீதிபதி லேசில் தொட மாட்டார். "நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன்" என்பது போதாது. கீழே எடுத்த முடிவு வெளிப்படையாகத் தவறு என்று காட்ட வேண்டும். கூட்டரசு நீதிமன்றம் 2020-இல்கூட இதையே மறுபடி உறுதி செய்திருக்கிறது. வெளிப்படையான தவறு என்பதில் ஒரு வகை, சாட்சியங்களைப் போதுமான அளவுக்கு எடைபோடாமல் விடுவது. முக்கியமான ஆவணம் ஒன்று கண்முன் இருக்க, தீர்ப்பு அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தால், அங்கே மேல்நீதிபதி உள்ளே வரலாம்.

"அப்ப அப்பா பொய் சொல்லலன்னு நிரூபிக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கமே போகக் கூடாதும்மா. அங்கதான் நாம தோப்போம். அப்பாவ விட்டுட்டு, மோட்டார் சைக்கிளப் பேச வைப்போம்" என்றார்.

போலீஸ் வரைபடத்தில் உடைந்த கண்ணாடித் துண்டுகள் கிடந்த இடம் குறிக்கப்பட்டிருந்தது. சாலையின் இடது ஓரம், புல்லை ஒட்டி. படங்களில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்து மட்கார்டு நேராக உள்ளே நசுங்கியிருந்தது. வலது பக்கத்தில் அடியே இல்லை. லோரியில் அடிபட்டிருந்தது முன்பக்க இடது மூலை. அப்பா வலப்பக்கம் குறுக்கே வளைத்திருந்தால் கண்ணாடி சாலை நடுவில் சிதறியிருக்க வேண்டும், வண்டியின் வலது விலாவில் அடிபட்டிருக்க வேண்டும். இவை எல்லாம் விசாரணையிலேயே ஒப்படைக்கப்பட்ட ஆவணங்கள். தீர்ப்பில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்னொன்றும் இருந்தது: அப்பாவை நம்பவில்லை என்று எழுதிய நீதிபதி அப்பாவைப் பார்த்ததே இல்லை. நேரில் பார்த்தவர் என்ற மதிப்பு இந்த ஒரு சாட்சி விஷயத்தில் அவருக்கு எப்படிப் பொருந்தும் என்பது லோயரம்மாவின் வாதம்.

அந்த வரைபடத்தையும் படங்களையும் அவர் கீழ்நீதிமன்றத்தில் முறைப்படி ஒப்படைத்து, போலீஸ்காரரிடம் கண்ணாடி கிடந்த இடத்தைப் பற்றி மூன்று கேள்வி கேட்டு வைத்திருந்தார். விசாரணை நாளில் அந்தக் கேள்விகள் எனக்கு வீண் வேலையாகத் தெரிந்தன. "இதையெல்லாம் ஏன் கேக்கிறாங்க, நேரா விஷயத்துக்கு வரலாமே" என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். அந்த மூன்று கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது.

காப்பாற்றாமல் போன ஒன்றும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. விபத்தை நேரில் பார்த்த ஒருவர் இருந்தார். எங்கள் பழைய லயத்து அண்ணன், அன்று பின்னால் சைக்கிளில் வந்தவர். குலை ஏற்றும் அதே குத்தகைக்காரரிடம் வேலை செய்ததால் சாட்சி சொல்லப் பயந்தார். அவர் பிழைப்பு கெடக்கூடாது என்று நாங்களும் விட்டுவிட்டோம். 2020 கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு, தானே வீட்டுக்கு வந்து, "இப்ப சொல்றேன் மாமா" என்றார். அப்பா கண் கலங்கிவிட்டார். லோயரம்மா அந்தச் சாட்சியத்தைச் சேர்க்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. மேல்முறையீட்டில் புதிய சாட்சியம் சேர்க்க வேண்டுமென்றால், முதல் விசாரணையில் எவ்வளவு முயன்றாலும் அது கிடைத்திருக்காது என்று காட்ட வேண்டும். இவரையோ முதல் நாளிலிருந்தே எங்களுக்குத் தெரியும். சப்பீனா என்ற கோர்ட் அழைப்பாணை எடுத்துக் கட்டாயமாக அழைத்திருக்கலாம். தயவு பார்த்தோம், அதன் விலையை நாங்களே கொடுத்தோம். இன்று யாராவது கேட்டால், சாட்சிக்குச் சப்பீனா எடுங்கள் என்றே சொல்கிறேன். "கோர்ட் கூப்பிட்டுச்சு, போய்த்தான் ஆகணும்" என்று அவர் முதலாளியிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். அது அவருக்கும் பாதுகாப்பு.

மேல்முறையீடு 2021-இல் ஸூம் வழியாக நடந்தது. லோயரம்மா அலுவலகத்தில் தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில் முகக்கவரியோடு உட்கார்ந்து பார்த்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்பா வேட்டி கட்டி, விபூதி வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார், திரையில் அவர் முகம் தெரியப் போவதில்லை என்று சொல்லியும். உயர்நீதிமன்ற நீதிபதி எதிர்த்தரப்பிடம் ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "கண்ணாடி ஏன் இடது ஓரத்தில் கிடந்தது?" சரியான பதில் வரவில்லை.

தீர்ப்பில் அவர் அப்பாவை உத்தமர் என்று சொல்லவில்லை. சாட்சியின் நம்பகத்தன்மை தன் கையில் இல்லை என்றே ஆரம்பித்தார். ஆனால் வரைபடத்தையும் வண்டியின் சேதத்தையும் கீழ்நீதிமன்றம் எடைபோடவே இல்லை, அவற்றோடு பொருத்திப் பார்த்தால் குறுக்கே வளைத்தார் என்ற முடிவு நிற்காது என்றார். பொறுப்பை மாற்றி, லோரிக்கு 70, அப்பாவுக்கு 30 என்றார். 30 எதற்கு? அன்று மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு எரியவில்லை. பல்பு போய் மூன்று நாளாகியும் மாற்றவில்லை என்று விசாரணையில் கேட்டபோது அப்பா ஒளிக்காமல் சொல்லியிருந்தார். இருட்டு நேரம். அந்த 30 நியாயமானது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

கால் ஊனத்துக்கான தொகை குறைவு என்றும் கேட்டிருந்தோம். அதை நீதிபதி தொடவில்லை. கொஞ்சம் கூட்டியிருக்கலாம் என்று தோன்றினாலும், கீழ்நீதிமன்றம் தவறான அடிப்படையில் கணக்கிட்டது என்றோ, தொகை அளவுக்கு மீறிக் குறைவு என்றோ இருந்தாலொழிய தலையிட முடியாது என்றார். ஒரே வழக்கில், ஒரே நாளில், ஒரு விஷயத்தில் மாற்றினார், இன்னொன்றில் கை வைக்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றம் இல்லை, மரியாதைதான் வந்தது. எங்கள் மேல் இரக்கப்பட்டுக் கூட்டிக் கொடுக்கக் கூடிய நீதிபதி, நாளைக்கு வேறு யார் மேலோ இரக்கப்பட்டுக் குறைக்கவும் கூடியவர்.

எதிர்த்தரப்பு அதற்கு மேல் போகவில்லை. வழக்கின் தொகை 250,000 ரிங்கிட்டுக்குக் கீழே இருந்ததால், மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக அவர்கள் முதலில் அனுமதி வாங்க வேண்டியிருந்திருக்கும்.

தீர்ப்பு வந்த அன்று வீடு திரும்பும் வழியில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க நிறுத்தினோம். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்த ரெண்டாவது ஜட்ஜு இப்ப எங்க இருக்காரு?"

"தெரியலப்பா. மாத்தலாகியிருப்பாரு."

"அவர் மேல ஒன்னும் தப்பில்ல. ரிப்போட்டுல அப்படித்தான இருந்துச்சு" என்றார்.

மேல்முறையீட்டுப் பதிவேட்டின் ஒரு பிரதியை லோயரம்மா எங்களிடமே கொடுத்துவிட்டார். அலமாரியில் சாமான்களுக்கு நடுவே, அப்பாவின் தோட்டத்துச் சம்பளப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மறு விசாரணைப் பக்கத்தில் நான் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் விபத்தில் சிக்கி, அவன் அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தார். அப்பா கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீயும் வாம்மா" என்றார் என்னிடம். "மூக்குக்கண்ணாடிய எடுத்துக்க. அவங்க எழுதினத ஒவ்வொரு வரியா வாசிச்சு, தமிழ்ல சொல்லு. அதுவரைக்கும் பையன் கையெழுத்துப் போட வேணாம்."